மாவிஸ் பேசுவது கேட்கிறது

1

இந்தக் கதை எனக்கு ஒரு சுவருக்கும் தரைக்கும் நடுவிலிருந்த விரற்கடை இடுக்கிலிருந்து கிடைத்தது. உடனே "ஆகா, தாம்பத்திய விரிசல்!" என்று துள்ளும் வாசகர் தயவுசெய்து உட்காரவும். இடுக்கு என்றால் இடுக்குதான். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் எங்கள் தெரு முழுக்க ஒட்டிக் கட்டிய பழைய வீடுகள். சுவரில் ஈரம் ஏறாமலிருக்க மருந்து செலுத்துகிறவர்கள், புதுப் பூச்சைத் தரைக்குச் சற்று மேலேயே நிறுத்திவிடுவார்கள். தரையைத் தொட்டால் ஈரம் மறுபடி ஏறும். அந்த இடுக்கை அடைத்துப் பலகை அடிப்பது வீட்டுக்காரர் பாடு.

இங்கே வீட்டுக்காரன் கிளிஃபர்டு. விளங்கினாற்போலத்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை பெய்துகொண்டிருந்தது. நார்மாவின் மனதிலும்—'

(அடித்துவிட்டேன். ஹாலிஃபாக்ஸில் மழை பெய்கிறது என்று சொல்ல ஓர் எழுத்தாளன் எதற்கு?)

நடந்தது இதுதான். "அடுத்த வாரம்" என்றே கிளிஃபர்டு காலம் தள்ள, இடுக்கு வழியாகக் குளிர்காற்றும் ஓடில்லாத நத்தைகளும் வீட்டுக்குள் வந்தன. அவன் வேலைக்குப் போனபின் ஒரு காலையில், பழைய துணியைத் திணிக்கலாம் என்று அவன் மனைவி நார்மா மண்டியிட்டாள். தரைப்பலகைக்கு அடியில் பொதுச்சுவரில் எங்கோ செங்கல் பெயர்ந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாவிஸ் தங்கையோடு போனில் பேசுவது காதோரம் பேசுவதுபோல் கேட்டது.

"அடியே, கிளிஃபர்டுக்கு வேலை போய் மூணு மாசமாச்சுடி! தினம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிட்டு லைப்ரரில போய் உக்காந்திருக்கான். இந்த நார்மா என்னடான்னா அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருக்கா, பைத்தியக்காரி!"

நார்மா துணியைத் திணிக்கவில்லை.*

* 'அவள் கதறி அழுதாள்' என்று எழுதச் சொன்னார் ஒரு பத்திரிகை நண்பர். அழவில்லை. இஸ்திரி போட்ட சட்டை ஒன்றைக் கசக்கினாள். பிறகு அதற்கே மறுபடி இஸ்திரி போட்டாள்.

3

கிளிஃபர்டை என்னாலேயே நம்ப முடியவில்லை. இவ்வளவு பெரிய கோழையைக் கதை தாங்குமா? ஆனால் அன்றிரவுச் சாப்பாட்டில் அவன் சொன்னது:

"இன்னிக்கு மேனேஜர் எல்லார் முன்னாடியும் என்னைப் பாராட்டினாரு."

"அப்படியா கண்ணு? இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வச்சுக்க" என்றாள் நார்மா.

சனிக்கிழமை, அதிசயமாக, பசைக்குழாயும் புதுப் பலகையும் வாங்கி வந்தான்.

"இப்ப என்ன அவசரம்?"

"குளிருதுன்னு நீதானே கத்தினே?"

அவன் குனிந்து குழாய் முனையை இடுக்கருகே வைத்தான். நார்மா பக்கத்தில் மண்டியிட்டு, இடுக்கில் வாயை வைத்து உரக்கக் கூப்பிட்டாள்:

"மாவிஸ்! இவன் அடைக்கப் போறான். இன்னும் ஏதாவது சொல்றதுன்னா இப்பவே சொல்லிடு. லைப்ரரில ஹீட்டராவது ஒழுங்கா எரியுதாமா?"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. இந்தப் பக்கம் கிளிஃபர்டின் கை அப்படியே நின்றது. பசை மட்டும் தரையில் வழிந்துகொண்டிருந்தது.

4

அவன் அழுது, அவள் அணைத்துக்கொள்வது ஒரு முடிவு: வார இதழ்களுக்கு. அவள் பெட்டியோடு வெளியேறுவது இன்னொன்று: பரிசுக்கு. இரண்டையும் எழுதினேன், இரண்டையும் கிழித்தேன்.

கிளிஃபர்டு வாயைத் திறந்தான். அடுத்து வருவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். 'நார்மா, நான் என்ன சொல்ல வர்றேன்னா' என்று மட்டும் தொடங்காதீர்கள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.