முனியாண்டி மண்டோரின் எட்டு சனிக்கிழமைகள்

மகள் காமாட்சிக்கு மருந்து வாங்கத்தான், ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் முனியாண்டி சிரம்பான் டாக்டரிடம் போனார். திரும்பி வரும்போது சட்டைப்பையில் மருந்து இல்லை, அவர் பேருக்கே டாக்டர் எழுதிக்கொடுத்த வகுப்புச் சீட்டுதான் இருந்தது. எட்டு சனிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி, தெமியாங்கில் ஒரு மண்டபம். பெற்றோர் மட்டும் வரவேண்டும்.

காமாட்சிக்கு எட்டு வயது. பாதிப் பாடத்தில் எழுந்து ஜன்னலுக்குப் போவாள். குளிக்கப் போனவள் ஈரத் தலையோடு லயத்து வீடுகளின் கோழிகளைத் துரத்திக்கொண்டிருப்பாள். தோட்டத்தில் சிலர் காத்துக் கருப்பு என்றார்கள், சிலர் திமிர் என்றார்கள். டாக்டர் ஏதோ ஆங்கிலப் பேர் சொன்னார். பிள்ளைக்குக் கவனம் ஓரிடத்தில் நிற்காது, வேண்டுமென்று செய்வதில்லை என்றார். அப்படியென்றால் பள்ளிக்கூடம் எனக்கு எதற்கு? மோட்டார் சைக்கிளில் வழிநெடுக யோசித்தும் முனியாண்டிக்குப் பிடிபடவில்லை.

மனைவி செல்லம்மாவுக்குச் செனாவாங் தொழிற்சாலையில் சனிக்கிழமையும் ஷிப்டு. அதனால் அவர்தான் போனார். ஆறு தாய்மார்களுக்கு நடுவே ஒரே ஆண். பாடம் நடத்திய தைலம்மை டீச்சருக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்லவேண்டும், தூரத்திலிருந்து கத்தாமல் கிட்டே போய்ச் சொல்லவேண்டும், பிள்ளை பாதி செய்தாலும் செய்ததை அப்போதே எடுத்துச் சொல்லவேண்டும் என்றார். முனியாண்டி தலையாட்டிவிட்டு வந்தார்.

இரண்டு வாரம் செய்து பார்த்தார். காமாட்சியின் ஆட்டம் கூடியது. அப்பா கத்தவில்லை என்றதும் அவளுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. பிள்ளையைக் கெடுக்கிறீர்கள் என்றாள் செல்லம்மா. இதெல்லாம் டவுன் பிள்ளைகளுக்குத்தான் சரி என்று மூன்றாவது சனிக்கிழமை அவர் டீச்சரிடம் சொன்னார்.

டீச்சர் கோபப்படவில்லை. ஒரே மூச்சில் சொன்னார்: "அண்ணே, அந்த நாற்காலிய எடுத்து வாசல்கிட்ட போடுங்க, பேர எழுதுங்க, தாள நாலா மடிங்க, கதவச் சாத்துங்க, பேனாவ அந்த அக்காகிட்ட குடுங்க."

முனியாண்டி நாற்காலியைத் தூக்கினார். அடுத்தது என்ன, கதவா, தாளா? அந்தப் பெண்கள் எல்லாரும் தன்னையே பார்ப்பது தெரிந்ததும் காது சூடாகி, கேட்டதெல்லாம் மறந்துபோனது. காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு, நாற்பது பேருக்கு மர நிரை பிரித்துக் கொடுக்கிற மனுஷன், நாற்காலியும் கையுமாக நின்றார்.

டீச்சர் நாற்காலியை வாங்கிக் கீழே வைத்தார். அந்த வாரத்துக்கு வேறு வேலை கொடுத்தார். தினமும் பத்து நிமிடம் பிள்ளையோடு விளையாடவேண்டும். அதட்டலோ திருத்தமோ கேள்வியோ கூடாது.

மறுநாள் சாயங்காலம் காமாட்சி ரப்பர் கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தார். கையைக் கழுவு என்று வாய்வரை வந்தது, விழுங்கினார். ஏன் வரிசை கோணுது என்று வந்தது, அதையும் விழுங்கினார். அப்புறம் சொல்ல ஒன்றும் இல்லை. இத்தனை வருஷமாக இந்தப் பிள்ளையிடம் வேறு என்னதான் பேசினோம் என்று யோசித்தார், ஞாபகம் வரவில்லை.

"அப்பா, எம்மேல கோவமா? ஏன் பேச மாட்டேங்குற?" என்றாள்.

"கோவம் இல்லடா. எனக்குப் பேசத் தெரியல."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு ஒரு கொட்டையை அவர் கையில் வைத்து, இது மாடு, அது லோரி என்று சொல்லிக்கொடுத்தாள். பத்து நிமிடம் அரை மணியானது. அவள் எழுந்து ஓடவில்லை.

அதற்காக எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுவாரமே பிள்ளையைப் பற்றிக் குறை சொல்லப் பள்ளி வாத்தியார் ஆள் விட்டு அவரைக் கூப்பிட்டார். ஒரு நாள் சொன்னதைக் கேட்டாள், இரண்டு நாள் கேட்கவில்லை. ஒரு தடவை முனியாண்டி பழையபடி கத்திவிட்டு, ராத்திரிச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

எட்டாவது சனிக்கிழமை, வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று டீச்சர் எல்லாரையும் கேட்டார். அவர் முறை வந்தது.

"அவ மாறினாளா, நான் மாறினேனான்னு வெளங்கல டீச்சர். ஏன் சில நாள் கேக்குறா, சில நாள் கேக்கலன்னும் தெரியல," என்றார். கொஞ்சம் தயங்கினார். "அடுத்த வகுப்புக்கும் எம்பேர எழுதிக்குங்க. எம்பொண்டாட்டி பேரையும் போடுங்க, அவ ஷிப்டு மாத்திக் கேட்டிருக்கா."