இரண்டு கட்டம், ஒரு பேனா

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. என் தம்பி முத்துசெல்வம், தன் மகள் ஸ்ரீதேவியின் பள்ளிக்கூடப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் போட்டு, "எக்கா, நீ படிச்சவ, மிச்சத்த நீயே பாத்துப் போட்டுரு" என்று நேற்று தாராவியிலிருந்து கொடுத்தனுப்பிவிட்டான். பேஸ்பாலுக்கு ஒரு கட்டம், சாஃப்ட்பாலுக்கு ஒரு கட்டம். ஒன்றில்தான் டிக் போடலாம். இன்று ஐந்து மணிக்குள் பள்ளி ஆபீசில் சேர்க்க வேண்டும். இப்போது மூன்றேகால். இரண்டு கட்டமும் காலியாக இருக்கின்றன. நான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

(பள்ளிக்கூடம் இங்கே செம்பூரில்தான். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு.)

2

முதல் தொடக்கம்: மழை விட்ட மாலையில், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி கையிலிருந்த பந்தையே பார்த்தபடி மௌனமாக

சீ. அவளாவது, மௌனமாவது!

இரண்டாம் தொடக்கம்: தம்பியின் தோல்பைப் பட்டறை மாடியில் இருக்கிறது. ஸ்ரீதேவி கீழே சந்தில் நின்று, தோல் சுருளைத் தோளுக்கு மேலே ஓங்கி வீசுவாள். அது மாடி ஜன்னலுக்குள் நேராகப் போய் விழும். சந்தில் போகிறவர்கள் குனிந்துகொள்வார்கள். ஒரு தடவைகூட யார் மேலும் பட்டதில்லை. (டீக்கடை ரஹ்மத்துல்லா பாயின் கெட்டில் மேல் பட்டிருக்கிறது. அதைச் சேர்க்க மாட்டேன்.)

இது பரவாயில்லை. இருக்கட்டும்.

3

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாஃப்ட்பாலில் பந்து பெரிசு, மைதானம் சின்னது. பந்து போடுகிறவள் கையைக் கீழே கொண்டுவந்துதான் போட வேண்டும். பள்ளியில் டீம் இருக்கிறது, மாலதி மிஸ் "இவளுக்கு இடம் பக்கா" என்று சொல்லிவிட்டார். பேஸ்பாலில் தோளுக்கு மேலே எறியலாம். பெண்பிள்ளைகளுக்கு இந்த வருஷம்தான் டீம் ஆரம்பிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் தேர்வு. பதினெட்டு இடத்துக்கு அறுபது பிள்ளைகள்.

தம்பி போட்ட நிபந்தனை வேறு இருக்கிறது. டீமில் சேர்ந்தால் விளையாடலாம். சேரவில்லையா, ஆட்டத்துக்கு ஒரு கும்பிடு, தினமும் சாயங்காலம் பட்டறையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பசை தடவ வேண்டியதுதான். சொன்னால் சொன்னதுதான், அவன் அப்படி ஆள்.

அவன் பெண்டாட்டி அன்னத்தாய், "மெத்துன்னு இருக்குமாம்லா மதினி, சாஃப்ட்பாலே போடுங்க" என்றாள். ஸ்ரீதேவி பள்ளியிலிருந்து கொண்டுவந்திருந்த சாஃப்ட்பாலை எடுத்து எவர்சில்வர் தட்டின் மேல் போட்டாள். தட்டு நெளிந்துபோனது.

4

முடிவு அ: சாஃப்ட்பால். இடம் கிடைக்கிறது. டீம் போட்டோவில் ஓரமாக நிற்கிறாள். சிரிக்கவில்லை.

முடிவு ஆ: பேஸ்பால். பட்டியலில் பெயர் இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் அவள் விரலெல்லாம் பசை.

முடிவு இ: பேஸ்பால். பட்டியலில் பதினேழாவதாக

இதை எழுத எனக்குத் தைரியம் வரமாட்டேன் என்கிறது.

(முதல் பகுதியில் ஒரு பொய் சொன்னேன். கட்டம் காலியாக இல்லை. காலையிலேயே சாஃப்ட்பாலில் டிக் போட்டுவிட்டேன். பயம். நாளைக்கு அவள் தோற்றால் பழி என் தலையில் விழுமே என்று பயம்.)

5

நாலு இருபது. ஸ்ரீதேவி வந்துவிட்டாள்.

"க்யா அத்தே, ஃபார்ம் ரெடியா?"

"பொறுட்டி, கத எழுதுதேன்."

"என்னப் பத்தியா? படிச்சுக் காட்டு!"

அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. விரலை வைத்து வரிவரியாக வாசித்தேன். கெட்டிலுக்கு முறைத்தாள். தட்டுக்குச் சிரித்தாள். நாலாம் பகுதியின் கடைசியில் என் விரல் மூன்று வரியைத் தாண்டிப் போனது.

"ருக்கோ, நில்லு. இத விட்டுட்டியே?"

"அது சும்மா, அடைப்புக்குறிக்குள்ள..."

"படி அத்தே."

படித்தேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. மேஜையிலிருந்த படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"தோத்தா நான்தான தோக்கப் போறேன்? நீ ஏன் பயப்படுற, உனக்கு எதுக்கு டர்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் என் பேனாவைப் பிடுங்கி, சாஃப்ட்பால் டிக்கைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு பேஸ்பாலில் ஒன்று போட்டாள். காகிதம் கிழியாதது ஆச்சரியம்.

படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்திலேயே தகப்பனார் கையெழுத்து வேண்டுமாம்.

6

நாலு நாற்பது. தம்பிக்கு ஆறு தடவை போன் போட்டாயிற்று. மெஷின் சத்தத்தில் அவனுக்குக் கேட்காது. தாராவிக்குப் போய்த் திரும்பினால் ஆபீஸ் பூட்டியிருக்கும்.

அவன் கையெழுத்து எனக்குப் போடத் தெரியும். அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே நான்தான், கடைசியில் இழுக்கிற அந்தக் கோடு உட்பட. ஆனால் போட்டேன் என்றால், அவள் தோற்கிற அன்று என் தம்பி முகத்தில் எப்படி முழிப்பேன்? போடாவிட்டால் இவள் முகத்தில்?

வாசிக்கிறவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். என் இடத்தில் நீங்கள் இருந்தால்

"யார்ட்ட அத்தே பேசிட்டிருக்க?"

"வாசிக்கப் போறவங்ககிட்ட."

"அவங்க ஆராமா, மெதுவா வாசிக்கட்டும். எனக்கு அஞ்சு மணி."

ஷூ கட்டி வாசலில் நிற்கிறாள். படிவத்தை என் நோட்டின் மேலேயே வைத்துவிட்டாள், நோட்டின் ஓரத்தில்தான் இதை நெருக்கி எழுதுகிறேன். நாலு நாற்பத்தாறு. வீட்டில் எழுதுகிற பேனா இது ஒன்றுதான். கதையில் இருக்கிறவரைக்கும் இது படிவத்துக்குப் போகாது. அதனால் இந்த வாக்கியத்தை இங்கேயே