முதலில் யாரிடம் சொல்வது

அந்த மெக்கானிக்கை ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் நட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக அவன் பழுது பார்த்ததெல்லாம் சின்ன லோடர் வண்டிகளைத்தான். ஒரு கார் அளவே இருக்கும். முன்னால் இரண்டு இரும்புக் கைகள், அவற்றின் நுனியில் அள்ளும் பக்கெட். கட்டடம் எழும்பும் இடத்தில் ஜல்லி அள்ளும், மாட்டுப் பண்ணையில் சாணம் தள்ளும், நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பும்.

அவனுடைய அக்கா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவன் போய்ச் சேர்ந்து பல வருடமாயிற்று, மகள் தூரத்தில் இருந்தாள். ஓய்வுப் பணத்தை எதில் போடலாம் என்று அவள் கேட்டபோது தம்பி யோசிக்கவே இல்லை.

"எங்க லோடர் கம்பெனி ஷேர் வாங்குக்கா. பண்ணையில வேலைக்கு ஆள் கிடைக்கல, எல்லாரும் வண்டிதான் வாங்குறாங்க. ரிப்பேருக்கு வர்றதும் ரொம்பக் கம்மி."

அவன் சொன்னதற்காக மட்டும் அவள் வாங்கிவிடவில்லை. அதே மாதிரி வண்டி செய்யும் மூன்று கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளை மூன்று வாரம் உட்கார்ந்து படித்தாள். ஒரு கம்பெனி சுரங்கத்துக்கான ராட்சத வண்டிகளையே நம்பியிருந்தது. இன்னொன்று விற்காத வண்டிகளை டீலர்கள் தலையில் கட்டியிருந்தது. கடைசியில் தம்பி சொன்னதே தேறியது. பணத்தில் பாதிக்கு மேல் அதில் போட்டாள். இரண்டு வருடம் விலை நன்றாகவே ஏறியது. மாடியில் ஒரு அறை கட்ட மேஸ்திரியிடம் பேசியும் வைத்திருந்தாள்.

அப்போதுதான் புது மாடல் வண்டி ஒன்று ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. டிரைவர் முன்பக்கமாகத்தான் ஏறி இறங்க வேண்டும், தூக்கிய கைகளுக்குக் கீழே. சீட்டுக்கு முன்னால் இருக்கும் தடுப்புக் கம்பியை மேலே தூக்கினால் கைகள் அப்படியே பூட்டிக்கொள்ளும், அதுதான் ஏற்பாடு. இந்த வண்டியில் பூட்டிக்கொள்ளவில்லை. அதை ஓட்டிய பண்ணை டிரைவர் இறங்கும்போது இரும்புக் கை சரிந்து அவன் தோளை உரசியிருந்தது. கைகளைப் பூட்டும் வால்வை நட்டு கழற்றிப் பார்த்தான். உள்ளே ஒரு ரப்பர் வளையம் நைந்து கிடந்தது. ஸ்டோரில் இருந்த புத்தம்புதிய வால்வுகள் இரண்டைப் பிரித்தான். இரண்டிலும் அதே மட்டமான வளையம்.

மேனேஜரிடம் போகவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னைக்கே ஷேரையெல்லாம் வித்துடு."

"ஏன்டா, என்ன ஆச்சு?"

சொன்னான். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"வேற யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் இல்ல. நீ வித்த அப்புறம் சொல்லிக்கலாம்னு..."

"நான் வித்தா யாரோ ஒருத்தர் வாங்கணும்ல? அவங்க வீட்ல லோடர் மெக்கானிக் இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்."

"உன் மொத்தப் பணமும் அதுல இருக்குக்கா!"

"மொத்தமும் இல்ல, பாதிக்கு மேல. அந்த மாதிரி வண்டி நம்ம பக்கம் எத்தனை ஓடுது?"

"பதினொண்ணு."

"இப்ப ஓடிட்டிருக்குமா?"

அந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றவே இல்லை. அவள் போனை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"ஒவ்வொருத்தரா கூப்பிடு. கையைத் தரையில இறக்கி வச்சிட்டு வண்டிய நிறுத்தச் சொல்லு. நான் டீ போடறேன்."

பத்துப் பேர் சரியென்று நிறுத்தினார்கள். பதினோராவது ஒரு கட்டட கான்ட்ராக்டர், "வேலை நடக்கற நேரத்துல என்ன விளையாடறியா?" என்று எரிந்து விழுந்தார். அக்கா போனை வாங்கி, ஆபரேஷன் தியேட்டரில் பேசிப் பழகிய குரலில் நாலு வாக்கியம் பேசினாள். அங்கேயும் வண்டி நின்றது.

அன்று மாலையே நட்டு மேனேஜரிடம் சொன்னான், படத்தோடு கம்பெனிக்கும் எழுதினான். டிரைவர்கள் கம்பியைச் சரியாகத் தூக்குவதில்லை என்று முதலில் பதில் வந்தது. ஆறு வாரம் கழித்து இரண்டு இன்ஜினியர்கள் வந்தார்கள். மறு வாரம் கம்பெனி அந்த மாடல் வண்டிகள் அத்தனையையும் வால்வு மாற்றத் திரும்ப அழைத்தது. ஷேர் விலை நாலே நாளில் பாதியாகச் சரிந்தது.

அந்த ஆறு வாரமும் அக்காவால் விற்றிருக்க முடியும். நட்டு வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் தினமும் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விற்கவில்லை. விலை சரிந்ததும் மேஸ்திரிக்குப் போன் செய்து மாடி அறை வேண்டாம் என்றாள். பக்கத்துத் தெரு கிளினிக்கில் வாரம் மூன்று நாள் வேலைக்குச் சேர்ந்தாள். தம்பிக்குத்தான் சோறு இறங்கவில்லை. மாதா மாதம் கொஞ்சம் தருகிறேன் என்று போய் நின்றான்.

"உன் பேச்சைக் கேட்டு மட்டும் வாங்கல. நானும்தானே படிச்சேன்? வால்வு பத்தி எந்த அறிக்கையிலயும் போடல. போய் வேலையப் பாரு."

அந்த வருடப் பங்குதாரர் கூட்டத்துக்கு அவளே போனாள். தம்பி கூடவே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். லாபப் பங்கு எவ்வளவு என்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, அவள் மைக்கை வாங்கினாள்.

"மெக்கானிக் எழுதின கடிதம் ஆறு வாரம் யார் மேஜையில கிடந்துச்சு?"

விசாரித்துச் சொல்வதாகத் தலைவர் சொன்னார். இரண்டு மாதம் கழித்து உண்மையிலேயே பதில் வந்தது. இனி ஒர்க்‌ஷாப் புகார்கள் நேராக வடிவமைப்புப் பிரிவுக்குப் போகும் என்று இருந்தது. யார் மேஜை என்று மட்டும் இல்லை.

விலை மெல்ல ஏறி, பழைய உயரத்தில் முக்கால்வாசியைத் தொட்டது. அவள் ஷேரில் பாதியை விற்றாள். இப்போதாவது கிளினிக் வேலையை விடக்கூடாதா என்று தம்பி கேட்டான்.

"வீட்ல உக்காந்தா மூட்டு பிடிச்சுக்குதுடா" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.