கடுக்காய் பழுக்கும் வரை

ஒடுகத்தூர் சந்தைக்குப் பின்னால் இருந்த கிடங்கில் பதினேழு மூட்டைக் கடுக்காயையும் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார் உஸ்மான் பாய். 1978ஆம் வருஷம், தை மாதக் கடைசி. வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றுக்கு இருபது வருஷமாகச் சரக்குப் பிடித்துக் கொடுப்பவர் அவர். அவர் வேண்டாம் என்ற சரக்கை வேறு எவரும் தொடமாட்டார்கள்.

குத்தகைதாரர் கோபால்சாமி கெஞ்சிப் பார்த்தார். பாய் ஒரு காயை எடுத்துத் தரையில் வைத்துக் கல்லால் தட்டினார். உள்ளே கறுத்துச் சுருங்கிச் சக்கையாக இருந்தது.

"பிஞ்சுல வெட்டிக் காயவெச்ச சரக்கு இது. இதுல ஊறப்போட்டா தோல் திட்டுத் திட்டா நிக்குது. போன வருஷமே முதலாளி என்னைப் பிடிச்சுக் கத்தினாரு. எனக்கு வேணாம்பா."

மலையிலிருந்து விடியலில் கிளம்பித் தலைச்சுமையோடு இறங்கி வந்திருந்த ஆறு பெண்கள் கிடங்கு வாசலில் நின்றிருந்தார்கள். அவர்களில் அம்சவல்லியும் ஒருத்தி. கோபால்சாமி அவர்கள் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? இனிமே உங்க காயி எனக்கு வேணாம். எடுத்துக்கினு போங்க" என்றார். சுமையை இறக்காமலேயே அவர்கள் திரும்பி நடந்தார்கள். பாதி ஏற்றத்தில் ஒருத்தி மூட்டையை ஓடையில் கொட்டினாள். மற்றவர்களும் கொட்டினார்கள். அம்சவல்லி மட்டும் கொட்டவில்லை. தன் ஊரான புளியங்கொல்லை வரைக்கும் சுமந்து வந்து வீட்டு வாசலில் போட்டாள்.

"கொட்டிட்டு வர்றதுதானே?" என்றான் அவள் புருஷன் தீர்த்தகிரி.

"நீ வெட்னதை நீயே பாரு" என்றாள் அவள்.

மலையில் நெல்லிவாசல்நாட்டுச் சரிவுகளில் கடுக்காய் மரங்கள் எல்லாருக்கும் பொது. காய் எடுக்கும் உரிமையை மட்டும் வனத்துறை வருஷா வருஷம் ஏலம் விடும். மலைச்சனங்கள் பொறுக்கிக் கொடுப்பார்கள், ஏலம் எடுத்தவர் எடைக்குக் கூலி கொடுப்பார். காய் தையில் பழுத்து, மாசி வரை தானாக உதிரும். முன்பெல்லாம் உதிர்ந்ததைத்தான் பொறுக்கினார்கள். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால், ஏலம் எடுத்த ஒருவர் கார்த்திகையிலேயே சரக்கு வேண்டும் என்று அவசரப்பட்டார். அப்போது கோடாலியோடு மரத்தில் ஏறிய முதல் ஆள் தீர்த்தகிரி. ஒரு கிளையை வெட்டிச் சாய்த்தால் ஒரு மாதம் பொறுக்கும் காய் ஒரு காலையில் கிடைத்தது. அதைப் பார்த்து அடுத்த வீட்டான் ஏறினான், பிறகு அடுத்த ஊரான் ஏறினான். கடைசியில் எவன் முந்துகிறானோ அவனுக்குத்தான் காய் என்றாகிவிட்டது. காய் பழுக்கும்வரை காத்திருந்தவனுக்கு மொட்டை மரம்தான் மிஞ்சியது.

கோபால்சாமியையும் குறை சொல்ல முடியாது. "எனக்கு இந்த ஒரு வருஷத்துக்குத்தான் மரம். அடுத்த வருஷம் யார் எடுப்பானோ, நான் இன்னாத்துக்கு அவனுக்காகக் காப்பாத்தணும்?" என்று அவர் வெளிப்படையாகவே கேட்பார்.

மூன்று வாரம் கழித்து உஸ்மான் பாய் தானே மலையேறி வந்தார். ஐம்பது வயதுக்காரர், பருத்த உடம்பு. வழியில் நாலைந்து இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்திருந்தார். ஆண்கள் கொல்லை வேலைக்குப் போயிருந்ததால் அம்சவல்லிதான் அவரைச் சரிவுக்கு அழைத்துப் போனாள்.

"இங்க நாப்பத்திரண்டு மரம் கீதுங்க பாய். காய்க்கறது பதினொண்ணுதான்" என்றாள்.

பாய் ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்தார். கிளை வெட்டிய இடங்களில் பட்டை உரிந்து, மழைநீர் இறங்கி, உள்ளே மக்கியிருந்தது. சில மரங்களில் உச்சியில் ஒரு கொத்து இலை மட்டும் இருந்தது.

"யாம்மா, காய் பழுத்து விழறவரைக்கும் விட்டா நான் நேரா இங்கயே வந்து எடுத்துக்குவேனே. விலையும் கூடத் தருவேன். எங்களுக்கு நல்ல சரக்கு கிடைக்காமதான் அலையறோம்."

"நான் விடுவேங்க. பக்கத்து வூட்டுக்காரன் விடணுமே. எங்க ஊரே விட்டாலும் அந்தாண்ட ஊர்க்காரன் விடணுமே. ஒருத்தி மட்டும் காத்துக்கினு இருந்தா அவ புள்ளைங்கதான் பட்டினி கிடக்கும்."

பாய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப எல்லாரும் சேந்துதான் விடணும். அத்த நான் வந்து சொன்னா நடக்காது" என்றார்.

அந்த வருஷம் ஆனி மாத ஏலத்துக்குக் கோபால்சாமி போகவில்லை. வேறு எவரும் கேட்கவில்லை. கெட்டுப்போன சரக்கு என்று பேர் பரவியிருந்தது. ஊரார் சேர்ந்து எழுதிக் கேட்டால் மூன்று வருஷத்துக்குத் தரலாம் என்று ரேஞ்சர் சொல்லி அனுப்பினார். ஊர்க்கவுண்டர் துரைக்கண்ணு புளியங்கொல்லையோடு சேர்த்துச் சுற்றியிருந்த ஐந்து ஊர்களையும் கூட்டினார்.

கூட்டத்தில் பெண்கள் ஓரமாக உட்கார்ந்து கேட்பது வழக்கம், பேசுவது வழக்கமில்லை. ஆண்கள் நெடுநேரம் பேசியும் ஒன்றும் முடியவில்லை. யார் எவ்வளவு எடுப்பது என்பதிலேயே சுற்றிச் சுற்றி வந்தார்கள். அம்சவல்லி எழுந்து நின்றாள்.

"மாமா, யார் எவ்ளோ எடுக்கறதுன்றது அப்பறம். எப்போ எடுக்கறதுன்றத மொதல்ல பேசுங்க. பொங்கல் வரைக்கும் எவனும் மரத்துமேல கை வெக்கக் கூடாது. கோடாலி ஆகவே ஆகாது. மூணு வருஷம் மரம் நம்முது. இந்த வருஷம் வெட்னா அடுத்த வருஷம் நமக்கேதான் காயி இல்ல."

தீர்த்தகிரிக்கு முகம் சிவந்தது. "பொங்கல் வரைக்கும் இன்னாத்த சாப்பிடறது? உப்பு, துணி, எண்ணெய் எல்லாம் மரத்துலயா காய்க்குது?" என்று எழுந்து கேட்டான். பல பேர் ஆமாம் என்றார்கள். கேள்வி நியாயமானது.

துரைக்கண்ணு யோசித்துச் சொன்னார். "சாமை அறுப்புல வூட்டுக்கு ஒரு மரக்கா அளந்து ஊர்ப் பொதுவுல போடுங்க. எவனுக்கு முடியலையோ அவன் கார்த்திகைல எடுத்துக்கட்டும். அடுத்த அறுப்புல திருப்பிப் போடட்டும்."

ஐந்து ஊரும் ஒப்புக்கொண்டன; சேர்ந்து எழுதிக் கொடுத்துக் குத்தகையையும் வாங்கினார்கள். தீர்த்தகிரி ஒப்புக்கொண்டதாகத் தலையாட்டினான். வீட்டுக்கு வந்ததும், "ஊர் நடுவுல என்னைக் கேவலப்படுத்திட்ட" என்றான்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. ஊர்ச் சாமையிலிருந்து ஒன்பது வீடுகள் எடுத்தன. மார்கழிப் பனியில் ஒருநாள் காலை விறகுக்குப் போன அம்சவல்லி, மேற்குச் சரிவில் ஒரு பெரிய கிளை கீழே கிடப்பதைப் பார்த்தாள். இலை இன்னும் வாடவில்லை. காயெல்லாம் பறித்தாகிவிட்டது. வெட்டு, கீழிருந்து மேலாக இடப்பக்கம் விழுந்திருந்தது. ஐந்து ஊரில் இடது கையால் கோடாலி பிடிப்பவன் ஒருத்தன்தான்.

அவள் கிளையை இழுத்துப் புதருக்குள் போட்டுவிடலாமா என்று நினைத்தாள். இழுக்கவும் செய்தாள். பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

தீர்த்தகிரி மறைக்கவில்லை. "ஆமா, வெட்னேன். மேலூர்க்காரனுங்க எப்பவோ வெட்ட ஆரம்பிச்சிட்டானுங்க. பழனி ஆளுங்க மூட்டை கட்டி வெச்சிருக்கறதா வழில ஒருத்தன் சொன்னான். நாம மட்டும் பொங்கலுக்குக் காத்துக்கினு இருக்கணுமா?"

"நீ பாத்தியா?"

"சொன்னாங்கமே."

"பாத்தியான்னு கேட்டேன்."

அவன் பார்க்கவில்லை. அம்சவல்லி சாப்பிடாமலேயே கிளம்பினாள். ஐந்து ஊரில் ஒன்றான மேலூருக்கு இரண்டு மலை தாண்ட வேண்டும். அங்கே ஊர்ப் பெரியவனான பழனி வீட்டில் நின்று, "உங்க சரிவைப் பாக்கணும் அண்ணே" என்றாள். பழனி முறைத்தான். "எங்களையே சந்தேகப்படறியா? புளியங்கொல்லைல ராவோட ராவா வெட்டறீங்கன்னு எங்க ஆளுங்க சொல்றாங்க. இன்னும் நாலு நாள் பாத்துட்டு நாங்களும் கோடாலி எடுக்கறதாதான் கீறோம்" என்றான்.

அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. பழனியோடு சரிவு முழுக்க நடந்து பார்த்தாள். ஒரு கிளைகூட வெட்டுப்படவில்லை. மரமெல்லாம் காயாகத் தொங்கியது. கிளம்பும்போது அவள் சொன்னாள்: "எங்க சரிவுல ஒண்ணு வெட்டியிருக்குதுண்ணே. வெட்னது எங்க வூட்டுக்காரரு. நாளைக்கு எங்க ஊருக்கு வாங்க, எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

மறுநாள் காலை ஊர் கூடியது. தான் பார்த்ததை அம்சவல்லி மறைக்காமல் சொன்னாள். தீர்த்தகிரி தலையைக் குனிந்தபடியே எழுந்து, "நான்தான் வெட்னேன். அவனுங்க வெட்டறானுங்கன்னு நம்பி வெட்னேன். என் மேல தப்புதான்" என்றான்.

அவனை ஊர்ப் பங்கிலிருந்து தள்ளிவைக்க வேண்டும் என்று சிலர் கத்தினார்கள். பழனிதான் கையமர்த்தினான். "இவன் எங்களை நம்பல, நாங்க இவனை நம்பல. இன்னும் நாலு நாள் போயிருந்தா நாங்களே வெட்டியிருப்போம். இவனைத் தள்ளிட்டா மட்டும் அது சரியாப்பூடுமா?"

"நம்பறதுக்கு இன்னா வழி?" என்று கேட்டார் துரைக்கண்ணு.

"பாத்தா நம்பலாம் மாமா. நான் பாத்துட்டு வந்துதான் நம்பனேன்" என்றாள் அம்சவல்லி. "வாரத்துக்கு ஒருநாள் ஒவ்வொரு ஊர்லருந்தும் ரெண்டு பேர் மத்த ஊர் சரிவுக்குப் போய்ட்டு வரட்டும். பாத்ததை அப்படியே வந்து சொல்லட்டும்."

அதுதான் முடிவாயிற்று. புளியங்கொல்லையிலிருந்து போகும் இருவரில் ஒருவன் தீர்த்தகிரி என்று துரைக்கண்ணு சொன்னார். பொங்கல் வரைக்கும் அவன் கோடாலி கவுண்டர் வீட்டில் இருக்கும். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தீர்த்தகிரி சிரிக்கவில்லை.

பத்து நாள் அவன் பெண்டாட்டியோடு பேசவில்லை. களியைச் சாப்பிடுவான், படுப்பான், எழுந்து போவான். அம்சவல்லியும் வலியப் போய்ப் பேசவில்லை. தான் செய்தது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சாமை குத்தும்போது நெஞ்சு கனத்துக் கிடந்தது. பதினோராம் நாள் சாயங்காலம் மேலூர்ச் சரிவைப் பார்த்துவிட்டு வந்தவன், கைகால் கழுவாமலேயே அடுப்பங்கரையில் வந்து குந்தினான்.

"ஏமே, நம்ம மேற்குச் சரிவுல அந்த மொட்டை மரம் இல்ல, மூணு வருஷம் முன்னால நான் கழிச்சது. அதுல பக்கத்துல நாலு கிளை தழைஞ்சு வந்துருக்குது. ஒரு கிளைல காயி. எண்ணினேன், இருபது இருக்கும்."

"எண்ணினியா?"

"இன்னா செய்யறது, கோடாலி இல்லியே" என்றான். அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான்.

பொங்கல் கழித்து ஐந்து ஊரும் ஒரே நாளில் சரிவுக்குப் போயின. மஞ்சளாகப் பழுத்து உதிர்ந்த காய் மரத்தடியில் பரவிக் கிடந்தது. மாசி முழுக்கப் பொறுக்கினார்கள், பாறைமேல் உலர்த்தினார்கள். மொத்தத்தில் முந்தின வருஷத்தைவிட மூட்டை குறைவுதான். ஆனால் உஸ்மான் பாய் ஒரு மூட்டையைக்கூடத் தள்ளவில்லை. சொன்ன விலையைவிடக் கொஞ்சம் கூட்டியே கொடுத்துவிட்டு, அடுத்த வருஷமும் தனக்கே தரவேண்டும் என்று துரைக்கண்ணுவிடம் கேட்டுக்கொண்டு போனார். அந்தக் கோடையில் புளியங்கொல்லையில் பல பேர் வீட்டுக்குப் புது ஓலை வேய்ந்தார்கள்.

இரண்டாம் வருஷம் மரங்கள் நன்றாகவே காய்த்தன. மூன்றாம் வருஷம் மழை பொய்த்ததால் பாதிதான் வந்தது. அந்த வருஷம் ஐந்தில் மலைக்கு அந்தாண்டை இருந்த ஊர் ஒன்று விலகிப்போய்த் தனியாக வெட்டி விற்றது. அடுத்த வருஷம் காய்க்க மரம் இல்லாமல் தானாகவே திரும்பி வந்தது. சேர்த்துக்கொள்வதா என்று பெரிய சண்டை நடந்தது. சேர்த்துக்கொண்டார்கள். குத்தகையை இந்தத் தடவை ஐந்து வருஷத்துக்குக் கேட்டு எழுதினார்கள். மூன்றுதான் கிடைத்தது.

1983 ஆடியில் முதல் மழை விழுந்ததும் தீர்த்தகிரி மேற்குச் சரிவில் குழி வெட்டிக்கொண்டிருந்தான். கடுக்காய்க் கொட்டை கெட்டி, சீக்கிரம் முளைக்காது. சாணிக் கரைசலில் ஊறப்போட்டு, கூடையில் மண் நிரப்பி, மாதக்கணக்கில் தண்ணீர் தெளித்து அம்சவல்லி அறுபது நாற்று எழுப்பியிருந்தாள். மேலூரிலிருந்து பழனி வேடிக்கை பார்க்க வந்திருந்தான்.

"இதெல்லாம் எப்பப்பா காய்க்கும்?"

"பத்து வருஷம் ஆகும்."

"பொங்கல் வரைக்கும் காத்திருக்க முடியாத ஆளாச்சே நீ" என்றான் பழனி.

தீர்த்தகிரி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "பேசாம அந்தக் கூடைய எடுத்துக்கினு வா. குழிக்கும் குழிக்கும் நடுவுல பன்னெண்டு அடி விடு. எட்டடி போதும்னு இவ சொல்றா, நீ அத்த கேக்காத."

"எட்டடி போதும்" என்றாள் அம்சவல்லி கீழேயிருந்து, கூடையைத் தலைக்கு ஏற்றியபடி.

அவர்கள் அதைப் பற்றி வழக்கு பேசிக்கொண்டே இருந்தார்கள். மழை வலுத்தது. பழனி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்றுக் கூடையைத் தூக்கினான்.