கிரெசெக் வண்டியின் வலது பக்கம்

எமில் கிரெசெக்கின் பழைய பிக்கப் வண்டிக்கு வர்ணம் அடிக்கும் முன், வலது கதவை ஒட்டிப் பின்னால் இருந்த இரண்டு துளைகளைப் பற்றவைத்து அடைத்தேன். கம்பெனியின் படப் புத்தகத்தில் அந்த இடத்தில் துளையே இல்லை. புத்தகத்தில் இல்லாதது வண்டியில் இருக்கக் கூடாது. பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் எங்கள் தொழிலில் அதுதான் நேர்மை என்று நினைத்திருந்தேன். யாரையும் கேட்கவில்லை.

எமில் பிப்ரவரியில் இறந்துபோனார். மே மாதக் கடைசித் திங்களன்று ஊரே கல்லறைகளுக்குப் பூ வைக்கப் போகும்போது, அந்த வண்டியில்தான் அவரைப் பார்க்கப் போவேன் என்று அவர் மனைவி லுடி சொல்லியிருந்தாள். ஓட்டப்போவது நான்.

மிச்சமிருந்தது வெளிப்புறத்து அலங்கார எஃகுப் பட்டைகள் மட்டுமே. வர்ணம் கீறாமல் ஓரமெல்லாம் டேப் ஒட்டி, கிளிப்புகளை மாட்டி, பட்டையை நடுவிலிருந்து இரு பக்கமும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். இடது பக்கம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. வலது பக்கத்துப் பட்டையோ மறுநாள் காலை ஒரு முனை கழன்று தொங்கியது, நான் அடைத்த துளைகளுக்கு நேர் கீழே. புதுக் கிளிப் போட்டேன். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'டிக்' என்று விட்டது. யாரோ விரலை நுழைத்து நெம்பியது போலிருந்தது.

"எமில் வந்திருக்கார் மச்சான்," என்றான் என் மனைவியின் தம்பி டுவேன். "உயிரோட இருந்தப்பவே உன் வேலைக்கு நொட்டை சொல்லுவார். இப்ப நேரமும் நெறைய கெடக்கு."

"வாய மூடிட்டு அந்த டேப்ப எடுடா."

சிரிக்கத்தான் பார்த்தேன். ஆனால் அந்த மூலைக்கு முதுகைக் காட்டி நிற்க முடியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் லுடி ஒரு தட்டு நிறையப் பழக்கூழ் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டியோடு பட்டறைக்கு வந்தாள். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பியவள். ஊன்றுகோலோடு வண்டியைச் சுற்றி வந்து, வலது கதவைத் திறந்து, ஏறுவதற்கு இடது கையைத் தூக்கினாள். விரல்கள் வெறும் காற்றைப் பிடித்து மூடின. மூடிய கை அங்கேயே நின்றது. அது எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

"இங்க ரெண்டு துளை இருந்துச்சே, ஆர்வில்?" கைப்பையிலிருந்து ஒரு பித்தளைப் பிடியை எடுத்தாள். மேசை இழுப்பறையில் இருப்பது போன்றது. "நான் ஏறத்தான் எமில் இத மாட்டினார். போன வருஷம் கழண்டு விழுந்துச்சு. நீ திரும்ப மாட்டிடுவேன்னு நெனச்சேன்."

துருவேறிப் போயிருந்தது என்று ஒரு பொய் வாய்வரை வந்தது.

"நான்தான் அடைச்சேன், லுடி. யாரோ தப்பாப் போட்டதுன்னு நெனச்சுட்டேன். உங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்தான்," என்றாள். "சரி, போடு துளைய."

"ஐயோ, புதுப் பெயிண்ட்டு!" என்றான் டுவேன்.

"மட்டம் பாக்காத, ஆர்வில்," என்றாள் லுடி. " அவருக்கு அது வரவே வராது. பின்னாடித் துளை கொஞ்சம் மேல ஏறியிருக்கும்."

ஆண்டவரை நினைத்துக்கொண்டு துளைக்கும் கருவியை வைத்தேன். நீல வர்ணம் சுருண்டு உதிர்ந்தது. பாதியில் என் கை நடுங்கியது. லுடி ஊன்றுகோலை டுவேனிடம் கொடுத்துவிட்டு என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள்.

"மெதுவா. அவருக்கும் இங்கதான் நடுங்குச்சு."

இரண்டாவது துளை முடியும்வரை அவள் விடவில்லை. பிடியை நான் முடுக்கியதும், அதைப் பற்றி ஒரே எம்பில் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் காலியாக இருந்த ஓட்டுநர் இருக்கையைப் பார்த்து, தங்கள் செக் மொழியில் மெல்ல ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

நானும் டுவேனும் சத்தமில்லாமல் பட்டறைக்கு வெளியே போய் நின்றோம்.