பெட்டித் தச்சரின் மாதக் கடைசி

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. காலை நீட்டி உட்காருங்கள். சவப்பெட்டி செய்யும் தச்சர் ஒருவர் வரிக்குப் பதிவு செய்யப் போன கதையைச் சொல்கிறேன்.

ஒரு குளிர்காலத்தில் விஷக்காய்ச்சல் பரவியது. தச்சரின் பட்டறையில் இழைப்புளிச் சத்தம் ஓயவில்லை. வந்தவர்களிடம் மரத்துக்கும் ஆணிக்கும் மட்டுமே வாங்கினார். கூலி கேட்க அவருக்கு நா எழவில்லை.

காய்ச்சல் அடங்கி மாதங்கள் போயின. கணக்குப் பார்க்கும் மனைவி ஒருநாள் அவரை உட்காரவைத்து, விற்பனை ஓர் எல்லையைத் தாண்டினால் மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிவு செய்தாக வேண்டும், நாம் விளிம்பில் நிற்கிறோம் என்றாள். தச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. லாபமே பார்க்காத விற்பனை எதில் சேர்த்தி என்றார். புது வருடம் பிறந்ததும் பழைய கணக்கு போய்விட்டதே என்றும் வாதாடினார்.

“மரத்தை இழைக்கத் தெரியுது, மாசத்தை எண்ணத் தெரியலையே உங்களுக்கு. லாபத்தை யாரு கேட்டா? வித்ததை மொத்தமாக் கூட்டுவாங்க. ஒவ்வொரு மாசக் கடைசியிலயும் திரும்பி நின்னு, பின்னாடி இருக்கிற பன்னெண்டு மாசத்தையும் கூட்டணும்.”

காய்ச்சல் மாதங்கள் இன்னும் அந்தப் பன்னிரண்டுக்குள்தான் இருந்தன. அடுத்த மாதம் முதல் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். அதுவரை வருகிற வேலையை ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பட்டறைக்கு அனுப்பிவிடலாம் என்றாள். தச்சர் தலையாட்டினார். அழுது சிவந்த கண்களோடு நிற்பவரிடம், விலைக்கு மேல் வரியும் உண்டு என்று எந்த வாயால் சொல்வது? அதுதான் அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மாதம் முடியும் தறுவாயில் எதிர்த்தெருத் தையல்காரர் வந்தார். தாயார் விடியற்காலையில் போய்விட்டாராம். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது.

“அளவு நானே எடுத்துட்டேண்ணே. உள்துணியும் நானே தைச்சுடறேன். பெட்டி மட்டும் உங்க கையால ஆகணும்.”

தச்சர் மனைவியைப் பார்த்தார். பிறகு, விலை வேண்டாம், சும்மாவே செய்து தருகிறேன் என்றார். விற்காததை யார் கூட்டப் போகிறார்கள்? தையல்காரரின் முகம் மாறியது.

“எங்கம்மா ஆயுசுக்கும் ஒருத்தர்கிட்ட கடன் சொன்னதில்லை. கடைசியா இனாம் பெட்டியிலயா அனுப்பச் சொல்றீங்க?”

மனைவி எழுந்து, மேடைமேல் கிடந்த மரத்தூளைத் துடைத்தாள்.

“நல்ல பலகையா எடுங்க,” என்றாள்.

மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது எல்லை தாண்டியிருந்தது. மறுநாளே இருவரும் வரி அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி தாள்களைப் புரட்டிவிட்டு, “பரவாயில்லையே, தொழில் நல்லா வளர்ந்திருக்கு,” என்றார்.

“அப்படி ஒரு வருஷம் இனி யாருக்கும் வேண்டாம் சார்,” என்றார் தச்சர். “நான் செய்யறது சவப்பெட்டி.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். மரம் வாங்கும்போது கட்டுகிற வரியைக் கழித்துக்கொள்ளலாம், வருகிறவர்கள் தலையில் பாரம் அத்தனையும் விழாது என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். தச்சர் இரண்டு முறை கேட்டு மனத்தில் வாங்கிக்கொண்டார்.

என் கண்ணுகளே, உங்கள் வீட்டுக்குத் தச்சர் வந்தால் தொட்டில் செய்யவே வரட்டும். அளவு நாடா புதுச்சட்டைக்கே நீளட்டும். வீடு நிறைய ஆளும் பேச்சுமாக நன்றாக இருங்கள்.