முன் சீட்டில் நான்

என் கணவர் பஸ் டிரைவராக இருந்தவர். முதல் மனைவியைப் பறிகொடுத்தவர். ஐம்பத்தெட்டில் ரிட்டயரான கையோடு என்னைக் கல்யாணம் செய்துகொண்டார். முப்பத்தொன்பது வயது வரை தையல் மெஷினோடு மட்டும் குடித்தனம் நடத்தியவள் நான். ஆயிற்று, பத்தொன்பது வருடம்.

இன்று காலை ஞாபகப் பரிசோதனைக்குப் போனோம்.

"சின்ன வயசுல நடந்தது ஏதாவது சொல்லுங்க" என்றார் டாக்டர்.

ஐயாவுக்குக் கேட்கவா வேண்டும்? இருபத்து நாலு வயதில் முதன்முதலாகத் தனியாக பஸ் எடுத்த நாளை மடமடவென்று கொட்டினார். அடைமழை, ஆவி படிந்த கண்ணாடி, ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் துடைக்கிற துணி. எல்லாம் அத்துப்படி.

"சரி, அறுபதுக்கு மேல?"

வெகுநேரம் யோசித்தார். "சாப்பாடு, மாத்திரை, தூக்கம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வயதானால் இளமையில் நடந்ததுதான் தங்கும், பிந்தியது நழுவிவிடும் என்று டாக்டர் பக்குவமாகச் சொன்னார். என் காதில் ஏறினால்தானே! இதில் நான் சாப்பாட்டோடு சேர்த்தியா, மாத்திரையோடு சேர்த்தியா?

வீட்டுக்கு வந்ததும் மெஷினில் உட்கார்ந்தேன். மனசு கேட்கவில்லை. ஒரு காலரைக் கோணலாகத் தைத்துவிட்டு எழுந்து அவரிடம் போனேன்.

"ஏங்க, நான் இருக்கிற மாதிரி ஒரே ஒரு நாள் சொல்லுங்க. போதும்."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அன்னைக்கு நல்ல மழை. கண்ணாடி பூரா ஆவி..."

மறுபடியும் அதே பஸ். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் நிறுத்தவில்லை.

"ஒரு கையால எவ்வளவுதான் துடைக்கிறது? நீதான் முன் சீட்டுல இருந்து எழுந்து வந்த. கழுத்துல இந்த டேப்பு. நீங்க ரோட்டைப் பாருங்க, நான் துடைக்கிறேன்னு அதட்டுன."

கழுத்தில் கிடந்த அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டேன். அந்த மழை பெய்தபோது எனக்கு ஐந்து வயது. அந்தப் பக்கமே நான் போனதில்லை. தனக்கு அழியாமல் இருக்கிற நாளில் கொண்டுபோய் என்னை உட்கார வைத்திருக்கிறார் மனுஷன். அது நான் இல்லீங்க என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"நல்லாத் துடைச்சேனா?"

"எங்க, என் பக்கத்தை விட்டுட்டு உன் பக்கத்தையே துடைச்சிட்டிருந்த" என்றார். "ஆனா நீ வந்தப்புறந்தான் எனக்குப் பயம் போச்சு."